பிலிஸ் அடித்த பந்துகள்

1956ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிலிஸ் அடித்த கோல்ப் பந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் கீழே விழுந்தது. இடைப்பட்ட நாட்களில் மழை இல்லை. கருவாடு நன்றாகக் காய்ந்தது. பிலிஸுக்கு அப்போது பதினேழு வயது. அவளுடைய தகப்பன் ஹோரேஸ் மட்டக்களப்பு நகரத்தில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கித் தச்சன். நாவற்குடாவில் வாவியோரம் இருந்த ஆறு குழிக் கோல்ப் கிளப்பில் துரைமார் முறித்த தடிகளுக்கெல்லாம் பிடி போட்டுக் கொடுப்பவன். பசை பிடித்துவிட்டதா என்று பார்க்கத்தான் மகளிடம் ஒரு தடியை நீட்டி, "மெல்ல ஒண்டு அடிச்சுப் பார், மகள்" என்றான். பந்து எழும்பியது, தென்னைகளுக்கு மேலே மிளகளவாகி மூன்று நாள் சுற்றித் திரிந்தது, பிறகு அவள் குறிவைத்த குழிக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. பசை பிடித்துவிட்டது என்று ஹோரேஸ் முடிவு செய்தான்.

அதன்பிறகு அவள் அடித்த எல்லாப் பந்தும் அப்படியே. அவளுக்கு அதில் ஆச்சரியம் இருக்கவில்லை, ஆசைதான் இருந்தது: கிளப்பின் முன்வாசலால் தடியோடு உள்ளே போக வேண்டும். செயலாளர் ஒஸ்வல்ட் விடவில்லை. அவரும் பறங்கிதான், ஆனால் தன் பாட்டன் ஒல்லாந்தர், ஹோரேஸின் பாட்டன் வெறும் போர்த்துக்கீசர் என்ற வித்தியாசத்தை அவர் நாற்பது வருடமாகக் கட்டிக்காத்து வந்தார். ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடிக்காத பந்து தொலைந்த பந்து என்று சட்டப் புத்தகத்தைக் காட்டினார். பிலிஸ் வானத்தைக் காட்டினாள். "தொலையல்லயே ஐயா. அந்தா நிக்குது." கமிட்டி மூன்று பின்னேரம் கூடி, பதினொரு போத்தல் விஸ்கியை முடித்து, கண்ணுக்குத் தெரியும் பந்து தொலைந்த பந்தல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டது. நாலாம் நாள் அவள் முன்வாசலால் போனாள். அங்கத்தவர் வந்தால் எழும்பும் பழக்கதோஷத்தில் ஒஸ்வல்ட் எழுந்து நின்றுவிட்டார்; அதற்காக அவர் தன்னை மன்னிக்கவேயில்லை.

ஐந்து வருடம் அவள் கிழக்கிலே எல்லாரையும் வென்றாள். எதிராளிகளில் சிலர் முடிவுக்குக் காத்திருந்த இடைவெளியில் கல்யாணம் முடித்தார்கள். 1961இல் கொழும்பில், கூலிக்கு ஆடாத பெண்களுக்கான அமெச்சூர் போட்டி. பதினெட்டுக் குழிக்கும் பதினெட்டு அடி அடித்துவிட்டு, பிலிஸ் குடையின் கீழே உட்கார்ந்து பாண் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பதினேழு பந்துகள் வரிசையாக வந்து அதனதன் குழிக்குள் விழுந்தன. பதினெட்டாவது வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. வானத்தில் மிளகளவுகூட எதுவும் தெரியவில்லை. பந்து தொலைந்தால் ஆட்டமும் போகும், தச்சன் வீட்டுப் பெட்டை என்ற பெயர் மட்டும் மிஞ்சும். முதல்முறையாகப் பிலிஸ் குடையை மடக்கி வைத்துவிட்டு வானத்தைத் தேடினாள். ஏழாம் நாள் ஹோரேஸ் புளியாணமும் சோறும் கட்டிக்கொண்டு ரயிலில் வந்து, அவளுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான்.

"விழாட்டி என்ன பப்பா செய்யிற?"

"விழாட்டி வீட்ட போவம். முதல்ல தின்னு."

அவள் தின்றுகொண்டிருக்கும்போது தந்தி வந்தது. ஓட்டமாவடி நெல் வியாபாரி அப்துல் கபூர் அனுப்பியிருந்தார்: பந்து இங்கே வந்தது, வாவியை ஒரு சுற்றுச் சுற்றியது, இப்போது பொலன்னறுவை பஸ்ஸுக்குப் பின்னால் கொழும்புப் பக்கம் போகிறது. அதைப் பார்த்தவர்கள் நூற்றுச் சொச்சம் என்றும், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் உட்பட எல்லாரும் சத்தியம் செய்யத் தயார் என்றும் எழுதியிருந்தது. கொழும்புக் கமிட்டி தந்தியை இரண்டு தரம் வாசித்து, கண்ணுக்குத் தெரிந்த பந்து என்று ஏற்றுக்கொண்டது. ஒன்பதாம் நாள் காலை பதினெட்டாவது குழியில் பந்து விழுந்தது. அதில் நெல் உமி ஒட்டியிருந்தது.

பிலிஸ் ஊருக்கு வந்தபோது அப்துல் கபூர் ஒரு பசுவையும் கன்றையும் நாவற்குடாவுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். "எங்கட ஊரையும் பார்த்திட்டுப் போன பந்து, புள்ள. வெறுங்கையோட எப்பிடி வாற?" என்றார். பிலிஸ் கயிற்றை வாங்கினாள். ஒஸ்வல்ட் அதே கிழமை கொழும்புக்கு எழுதிப் போட்டார். வென்றதற்குப் பரிசாகக் கால்நடை பெற்றவர் இனி அமெச்சூர் அல்ல என்று பதில் வந்தது. அதை அவரே கொண்டுவந்து முற்றத்தில் நின்று வாசித்தார்.

"அப்ப நான் ஆர் ஐயா?"

"நீ இனி... புரொபெஷனல்" என்றார் ஒஸ்வல்ட், கெட்ட வார்த்தை சொல்பவர் போல.

"அப்ப இனிக் கூலி கேக்கலாம்தானே" என்றாள் பிலிஸ். அவருக்குப் பால் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் குடித்தார், பால் நல்ல பால்.

பிறகு அவள் மலாயாவுக்குப் போனாள், சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் போனாள். கூலி பேசி விளையாடினாள். காத்திருக்கும் நாட்களுக்கும் சேர்த்துத்தான் பேசினாள். அவள் கலந்துகொண்ட போட்டிகளின் முடிவைக் கொழும்புப் பத்திரிகைகள் ஏழாம் பக்கத்தில் போட்டன. மற்றவர்களின் பெயருக்கு நேரே எண்கள் இருக்கும். அவள் பெயருக்கு நேரே 'இன்னும் விழவில்லை' என்றிருக்கும். மறுவாரம் 'விழுந்தது' என்று வரும். 1974இலும் மட்டக்களப்பில் அதை வாசித்தவர்கள் தலையாட்டிவிட்டு, மரண அறிவித்தல் பார்க்கப் பக்கத்தைத் திருப்பினார்கள்.