ஐந்தரை மணிப் புள்ளி

ராஜபாளையத்தில் பேருந்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஷெரின் செய்கிற முதல் வேலை, போனை எடுத்து நீலக்கண் ஆப்பைத் திறப்பதுதான். திறந்தால் ஏதாவது ஒரு வீடியோ ஓடும். நாய்க்குட்டியைக் குளிப்பாட்டுவார்கள், யாரோ பரோட்டா வீசுவார், எந்த ஊரிலோ பனி கொட்டும். அதையெல்லாம் அவள் பார்ப்பதில்லை. திரையின் அடியில் ‘உங்களை அழைத்தவர்’ என்று ஒரு வரி உண்டு. அதில் பெலிக்ஸ் என்று பெயர். பெயருக்குப் பக்கத்தில் கடுகளவு சாம்பல் நிறப் புள்ளி. சரியாக ஐந்தரை மணிக்கு அந்தப் புள்ளி பச்சையாகும். ஆறு மணிக்கு வண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் நிற்கும்போது மறுபடியும் சாம்பலாகிவிடும். பச்சை என்றால் அந்த ஆள் இப்போது ஆப்பில் இருக்கிறார் என்று அர்த்தம். முதல் நாளே அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

பெலிக்ஸ் இருந்தது ஷார்ஜாவில். இங்கே ஐந்தரை என்றால் அங்கே நான்கு மணி. டீ நேரமாக இருக்கும் என்று ஷெரின் நினைத்துக்கொண்டாள். டீயோடு நின்று போனைப் பார்க்க அவனுக்கு எத்தனையோ வேளை இருக்க, இந்த அரைமணி நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்தான் இருக்க முடியும். ஒன்றரை வருடம் அவர்கள் இருவரும் சேர்ந்து பயணம் செய்த பேருந்தின் நேரம் அது.

“ஏட்டி, வீடியோ மேல ஓடுது, நீ கீழ என்னத்தப் பாக்க?” என்றாள் பக்கத்தில் இருந்த மாரீஸ்வரி. இருவரும் ஒரே பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை. மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே கணக்கு வகுப்பு.

“காயின் ஏறுதான்னு பாக்கேன்.”

“காயினுக்கு ஒருத்திக்கு இப்படி மூஞ்சி செவக்குமாக்கும்?”

ஷெரின் நோட்டை எடுத்தாள். அது ஒரு நீள நோட்டு. நான்கு வரிசையாகக் கோடு போட்டிருந்தாள்: தேதி, பார்த்த வீடியோ, ஏறிய காயின், கடைசியாகப் ‘புள்ளி’. எதை எழுதினாலும் இரண்டு முறை சரிபார்ப்பாள். அப்புறமும் சந்தேகம் தீராமல் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பாள். அவளுடைய நோட்டில் கேள்விக்குறி இல்லாத பக்கம் கிடையாது. வெளியே இடது பக்கம் மலை முழுக்க மாலை வெயில் வழிந்துகொண்டிருந்தது.

இந்தச் சோதனையைத் தொடங்கிவைத்ததே மாரீஸ்வரிதான். வீடியோ பார்த்தால் கிரிப்டோ காயின் தருவார்கள், காயின் சேர்ந்ததும் பணமாக்கிக்கொள்ளலாம் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. “நீதான் தும்முனாக்கூட எழுதி வைக்கவளாச்சே. அறுவது நாள் பாரு. துட்டு வந்தா நானும் சேருதேன். வரலைன்னா கண்ணு ஒனக்குத்தான போச்சு” என்று சொன்னாள். ஷெரினும் சரி என்றாள். அதற்கு முந்தின நாளே அவள் அதில் சேர்ந்திருந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சேர்த்துவிட்டது பெலிக்ஸ். மில் ஒன்றில் எலக்ட்ரீசியனாக இருந்தான். ராஜபாளையத்தில் இல்லாத வகுப்பா, எதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அலைகிறாய் என்று கேட்பவர்களிடம் ஷெரின் பீஸ் குறைவு என்பாள். அந்த வகுப்பில் பெலிக்ஸ் சேர்ந்திருந்தான் என்பதுதான் நிஜம். பேருந்தில் அவன் பேசிக்கொண்டே வருவான். இவள் கேட்டுக்கொண்டே வருவாள். ஆடித்தேர் முடிந்த வாரம் விசா வந்துவிட்டது. கிளம்புகிற அன்று பேருந்து நிலையத்தில் வைத்து, “இந்த ஆப்புல என் பேருக்குக் கீழ சேந்துக்கோ. எனக்கும் கொஞ்சம் காயின் வரும்” என்று அவளுடைய போனை வாங்கி அவனே பதிந்து கொடுத்தான். வண்டி வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “பாப்போம்” என்றான்.

ஊரை விட்டுப் போகிற எவனும் ‘வாரேன்’ என்றுதான் சொல்வான். அவன் சொல்லவில்லை. ஷெரின் அன்றைக்கு நோட்டில் எழுதினாள்: ‘பாப்போம் என்றார். ஒன்று, நாம் மறுபடி பார்ப்போம். இரண்டு, நடந்தால் பார்க்கலாம். எது?’ அந்தப் பக்கத்தின் கேள்விக்குறிதான் நோட்டிலேயே பெரியது.

அதற்குப் பிறகு அவன் நம்பருக்குப் போட்ட எந்தச் செய்தியும் போய்ச் சேரவில்லை. எல்லாம் ஒற்றை டிக்கோடு நின்றது. மிச்சம் இருந்தது அந்தப் புள்ளி ஒன்றுதான்.

அறுபதாம் நாள் காயின் இலக்கைத் தொட்டது. ‘பணமாக்கு’ என்ற பொத்தானை அழுத்தினாள். உங்களுக்குக் கீழே ஒருவரையாவது சேர்த்தால்தான் முடியும் என்று வந்தது. இப்படி ஒரு நிபந்தனை இருப்பதாக அதுவரை எங்கும் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள். மாரீஸ்வரியைச் சேர்க்க மனம் வரவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, அரசு விடுமுறை என்பதால் கம்பெனிக்கு லீவு. வீட்டில் கிடந்த பழைய போனைச் சார்ஜில் போட்டு, தன் அம்மா பரிபூரணத்தின் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கினாள். ஒரு மணி நேரத்தில் போன் கொதித்து, பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டது. பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டாள். ஆனாலும் ஆப் ஏற்றுக்கொண்டது: ‘சரிபார்க்கிறோம். ஏழு நாள் காத்திருக்கவும்.’

சனிக்கிழமை பேருந்தில் கால் வைக்க இடமில்லை. புரட்டாசிச் சனி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் பார்க்கப் போகிறவர்களுமாக எல்லா வண்டியும் பிதுங்கியது. ஷெரின் கம்பியில் ஒரு கையும் போனில் ஒரு கையுமாக நின்றாள். ஐந்தரை. பெலிக்ஸ் பச்சையானான். மூச்சு சீராகி, திரையைக் கீழே தள்ளியபோதுதான் புதிதாக முளைத்திருந்த ‘நீங்கள் அழைத்தவர்’ என்ற வரி கண்ணில் பட்டது. பரிபூரணம். பக்கத்தில் பச்சைப் புள்ளி.

அம்மாவின் பட்டன் போனுக்கு அடித்தாள். “அம்மா, அந்தப் பழைய போன எடுத்தியா?”

“எது, அந்த வீங்குனதா? பீரோ மேல கெடக்கு. தொடாதே, வெடிச்சிரும்னு நீதானடி சொன்ன. நான் எதுக்கு அதப் போயி தொடுதேன்?”

“யாரும் எடுக்கலையே?”

“இங்க யாரு இருக்கா எடுக்கதுக்கு? நானும் பல்லியும்தான்.”

ஷெரின் அந்த வரியை எழுதவில்லை. கூட்டத்தில் நோட்டை விரிக்க முடியவில்லை என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. கோவில் முடிந்து, சாப்பிட்டு, ஐந்து மணியிலிருந்தே மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பழைய போனின் மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, சிம்மையும் உருவினாள். போன் நான்கு துண்டாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் தன் போனைத் திறந்து வைத்தாள்.

டீயோடு வந்த பரிபூரணம் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். “என்னடி, செத்த போனுக்கு ஜெபம் பண்ணுதியா?”

ஐந்து இருபத்தொன்பது. ‘ஆகாதே, ஆகாதே’ என்று ஷெரின் வாய்க்குள் சொன்னாள். அம்மாவின் பெயர் மட்டும் சாம்பலாக இருந்துவிட்டால் போதும். சனிக்கிழமை நடந்தது ஏதோ தவறு என்று ஆகிவிடும். பெலிக்ஸ் பெலிக்ஸாகவே இருப்பான்.

ஐந்தரை. நான்கு துண்டாகக் கிடந்த போனின் சொந்தக்காரி, கையில் டீ டம்ளரோடு எதிரே நின்றிருக்க, பரிபூரணம் என்ற பெயர் பச்சையானது. கூடவே பெலிக்ஸும்.

“டீ ஆறுது” என்றாள் அம்மா.

அன்றே ஆப்பின் உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தாள். பத்து பக்கம் தள்ளி, பொடி எழுத்தில் இருந்தது. உலக நேரம் பகல் பன்னிரண்டு மணிக்குப் ‘பரிசு நேரம்’ தொடங்கும். அரைமணி நேரம் நீடிக்கும். அப்போது உங்கள் குழுவினர் அனைவரும் செயலில் இருப்பதாகக் காட்டப்படுவர். உலக நேரத்தோடு நம் ஊருக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். பன்னிரண்டும் ஐந்தரையும். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மாலை ஐந்தரைதான். அது பேருந்து நேரமும் இல்லை, டீ நேரமும் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு நாள் பார்த்து முடிவு சொல்வது முறையில்லை என்று திங்களும் பார்த்தாள், செவ்வாயும் பார்த்தாள். ஒரு நாளாவது அம்மாவின் புள்ளி எரியாமல் இருக்காதா என்றுதான் பார்த்தாள். புதனன்றும் எரிந்தது.

வியாழக்கிழமை ஏழாம் நாள். பேருந்து கிளம்பியதும் ‘பணமாக்கு’ பொத்தானை அழுத்தினாள். வாழ்த்துகள், உங்கள் காயினை விடுவிக்க முதலில் இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கட்டவும் என்று பொன் நிறத்தில் எழுத்து மின்னியது. ஷெரின் நோட்டை விரித்து எழுதினாள்: ‘தராது.’ கேள்விக்குறி போடவில்லை. நோட்டை மாரீஸ்வரியின் மடியில் வைத்தாள்.

“தராதா? அப்ப ஒருத்தருக்கும் தரலைங்கியா?”

“எனக்குத் தரல. நான் பாத்ததத்தான் எழுத முடியும்.”

“வெளங்கும். அறுவத்தெட்டு நாளு!” என்று பக்கங்களைப் புரட்டிய மாரீஸ்வரி நான்காம் வரிசையில் நின்றுவிட்டாள். “இது என்னட்டி, புள்ளி? தெனமும் அஞ்சரை, அஞ்சரைன்னு...” விரலை மேலிருந்து கீழே ஓட்டினாள். குரல் தணிந்தது. “பெலிக்ஸ் அண்ணனா?”

ஷெரின் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இதுக்குப் போயி அறுவத்தெட்டு நாள் பனிமழையும் நாய்க்குட்டியும் பாத்தியாக்கும்? அவிய அக்கா ஜெமி பால்கோவா கடையிலதான இருக்கு. நம்ம வகுப்புக்குப் போற வழிதான?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா கேக்கல?”

“கேட்டா பதில் சொல்லிருவாங்களே” என்றாள் ஷெரின்.

மாரீஸ்வரிக்கு அதற்கு மேல் கிண்டல் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும், “நான் இங்கேயே நிக்கேன். நீ போயிட்டு வா” என்று மட்டும் சொன்னாள்.

ஜெமி தராசில் பால்கோவா நிறுத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும், தம்பியைப் போலவே நெற்றி. ஷெரின் கால்கிலோ கேட்டு வாங்கி, காசு கொடுத்து, மீதியும் வாங்கிக்கொண்டு, அப்புறமும் நின்றாள்.

“வேற என்ன வேணும்மா?”

“அக்கா, நான் பெலிக்ஸோட வகுப்புல படிச்சேன். அவிய போன் நம்பர் மாறிட்டா?”

“மாறவா? போனே போச்சு! மும்பை ஏர்போட்டுலயே தொலைச்சிட்டு, பிளேன் ஏறும்போது கையில பாஸ்போட்டு மட்டும்தான் இருந்துச்சாம். கூறுகெட்ட பய. நம்பரெல்லாம் போச்சுன்னு ஒரு மாசம் பொலம்புனான்.”

அப்படியென்றால் அந்த ஆப்பை அவன் ஷார்ஜாவில் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. அது புரிந்த பிறகும் ஷெரின் அடுத்ததைக் கேட்டாள். “யாரு நம்பரையாவது கேட்டாவளா, அக்கா?”

ஜெமி பொட்டலம் கட்டுகிற நூலை விரலில் சுற்றியபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை. “பொய் சொல்லக் கூடாதும்மா. எங்கிட்டக் கேக்கல. எங்கிட்டக் கேக்கக் கூச்சமோ என்னவோ, அதும் தெரியாது.” பால்கோவா அட்டையைக் கிழித்து நம்பரை எழுதி நீட்டினாள். “நீயே கேளு. பதில் போட்டாப் போடுதான். பாப்போம்.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஷெரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாள் என்று ஜெமிக்குப் புரியவில்லை; அவளும் கூடச் சிரித்து வைத்தாள்.

கடைக்கு வெளியே நின்று நீலக்கண் ஆப்பை அழித்தாள். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. ஷெரின் ஆமாம் என்று அழுத்தினாள்.

வகுப்பில் சார் வட்டிக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். பெஞ்சுக்கு அடியில் வைத்து அவள் ஒரு செய்தியை நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தாள். ‘ஞாபகம் இருக்கிறதா’ என்பதை எடுத்துவிட்டாள். ‘எப்போது வருவீர்கள்’ என்பதையும் எடுத்துவிட்டாள். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: ‘நான் ஷெரின். ஜெமி அக்கா நம்பர் குடுத்தாங்க. நல்லா இருக்கீங்களா?’ அனுப்பினாள். ஒரு டிக். பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். மறுபடி பார்த்தபோது இரண்டு.

திரும்புகிற வண்டியில் மலை வலது பக்கம் வந்துவிட்டது. வெளிச்சம் போய், விளிம்பு மட்டும் தெரிந்தது. மாரீஸ்வரி பால்கோவாவைப் பிரித்துத் தின்றுகொண்டே வந்தாள்.

“என்னட்டி, நீலமாச்சா?”

“இல்ல. ரெண்டு டிக்கு. சாம்பல்தான்.”

“திரும்பவும் சாம்பலா! ஒனக்கு வேற கலரே வாய்க்காதா?”

ஷெரின் போனைப் பைக்குள் வைத்தாள். உடனே எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். எங்கோ ஒரு போனில் அவளுடைய பெயர் போய் விழுந்திருந்தது. அந்தப் போன் யாருடைய சட்டைப்பையிலோ, கட்டில் ஓரத்திலோ கிடக்கலாம். நோட்டைத் திறந்து, கோடு போடாத புதுப் பக்கத்தில் எழுதினாள்: ‘வியாழன். 6.52க்குப் போய்ச் சேர்ந்தது. பார்க்கவில்லை.’

வண்டி ஆடியதில் எழுத்து கோணலாகிவிட்டது. சரிபார்ப்பதற்காக ஒருமுறை படித்தாள். பிறகு முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில், நெருக்கி, ‘இன்னும்’ என்று சேர்த்தாள்.