அரை அங்குலம்

குரோனோ வந்த நாளிலிருந்து வீட்டில் தனக்கு இரண்டாம் இடம்தான் என்று பிலோமினா லண்டன் எட்மண்டன் மாதாகோயில் வாசலில் வைத்துப் பலரிடம் குறைப்பட்டிருக்கிறாள். பொய்யில்லை. 1984இல் சம்பளம் கூடிய கையோடு யாக்கோப்பு மனைவிக்கு ஒரு நல்ல குளிர்கோட்டு வாங்கியிருக்கலாம். மனுசன் வாங்கி வந்தது துப்பாக்கிச் சன்னத்தின் வேகத்தை அளக்கும் கருவி.

ஒரு தடி, அதன் இரண்டு முனையிலும் வானத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு கண், பக்கத்தில் எண் காட்டும் ஒரு பெட்டி. அவ்வளவுதான். சன்னம் மேலால் பறக்கும்போது அதன் நிழல் முதற் கண்ணில் விழும்; இரண்டடி தள்ளி இரண்டாம் கண்ணிலும் விழும். இடையில் எடுத்த நேரத்தை வைத்துக்கொண்டு பெட்டி வேகத்தைச் சொல்லிவிடும். வெயில் எறித்தால் அதற்குக் கண் கூசும், முகில் மூடிய மப்பு வானம்தான் தோது. "லண்டன் வானத்தை ஆண்டவர் இதுக்கெண்டே படைச்சவர்" என்பார் யாக்கோப்பு. அந்த வானத்தைப் புகழ்ந்த ஒரே யாழ்ப்பாணத்தான் அவராகத்தான் இருக்கவேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் ஓடிப்போகிற காற்றுத்துப்பாக்கிக் கிளப்பில் எல்லோருக்கும் ஒரே பயம், பன்னிரண்டு. துப்பாக்கியின் பலம் பன்னிரண்டு அடி-இறாத்தலைத் தாண்டினால் பொலிஸ் அனுமதிப் பத்திரம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். தாண்டவும் கூடாது, ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டும் என்பது சுடுகிறவர்களின் ஆசை. யாக்கோப்பு ஒவ்வொரு துப்பாக்கியையும் பத்துத் தரம் சுட்டுப் பார்த்து, வேகத்திலிருந்து பலத்தைக் கணித்து, கணக்கைத் துண்டில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுப்பார். அந்தத் துண்டை வெள்ளைக்காரர் பைபிளுக்குள் வைக்காத குறையாகக் காப்பாற்றினார்கள். தொழிற்சாலையில் ஷிப்ட் அடிக்கிற ஒரு தமிழனின் கையெழுத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று பிலோமினாவுக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியில் சொல்லமாட்டாள். சொன்னால் மனுசன் இன்னொரு பெட்டி வாங்கிவிடும்.

1987இல் கிளப்பில் ஒருவன் தாழச் சுட்டுத் தடியை வளைத்துவிட்டான். குரோனோ வைத்திருக்கிறவர்களுக்கு இது என்றோ ஒருநாள் நடந்தே தீரும். யாக்கோப்பு ஓர் அலுமினியத் தடியை வெட்டி, இரண்டடி அளந்து, கண்களைப் பூட்டினார். மேலும் இரண்டு வருடம் ஓடியது. பிறகு பெட்டியில் எண்கள் மங்கத் தொடங்கவே, மனமில்லாமல் புதிது வாங்கினார். இது மடித்து வைக்கிற இரும்புப் பெட்டி, கண்கள் தொழிற்சாலையிலேயே பூட்டி வந்தவை.

முதல் ஞாயிறே குழப்பம். பழையது பதினொன்று தசம் ஏழு என்று சொன்ன அவருடைய துப்பாக்கியைப் புதியது பன்னிரண்டு தசம் இரண்டு என்றது. கிளப் கப்டன் பீற்றர் சிரித்துக்கொண்டு யாக்கோப்பின் தோளில் தட்டினார். வெள்ளைக்காரர் வாயில் அவர் ஜேக்கப்.

"கடைக்குத் திருப்பி அனுப்பு, ஜேக்கப். உன்னுடைய பழையது பொய் சொல்லாது."

யாக்கோப்புக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் தான் வெட்டிய அலுமினியத் தடியைச் சாப்பாட்டு மேசையில் போட்டு, பிலோமினாவின் தையல் கூடையிலிருந்து நாடாவை எடுத்து அளந்தார்.

"இருபத்தினாலு இஞ்சி. மயிரிழையும் பிசகேல்லை. பிறகென்ன கோதாரி இது?"

யாரோ ஒருத்தியின் சேலைச் சட்டைக்குக் கை பூட்டிக்கொண்டிருந்த பிலோமினா நிமிர்ந்தாள்.

"அந்தப் பழைய நாடாவாலையோ அளக்கிறியள்? அது இழுபட்டுப் போச்செல்லோ. ரெண்டடிக்கு அரை இஞ்சி பிழை."

"பிழையான நாடாவை ஏன் வச்சிருக்கிறீர்?"

"ஆளையும் அதாலை அளக்கிறன், துணியையும் அதாலை வெட்டுறன். பிழைக்குப் பிழை சரியாப் போகும். ஹவுன்ஸ்லோவிலையிருந்து ஆரும் அளவு எழுதி அனுப்பினா மட்டும் அரை இஞ்சி குறைப்பன்."

யாக்கோப்பு கதிரையில் இருந்துவிட்டார். "தடி வெட்டின அண்டைக்கும் நான் இதாலைதான் அளந்தனான், பிலோ."

பென்சிலை எடுத்தார். கண்களுக்கிடையே அரை அங்குலம் கூடுதல்; பெட்டிக்கோ அது தெரியாது. ஆகவே இரண்டு வருடமாக எல்லா வேகத்தையும் குறைத்தே சொல்லியிருக்கிறது. அவர் கையெழுத்து வைத்தவற்றில் மூன்று பன்னிரண்டைத் தாண்டின. ஒன்று அவருடையது. இன்னொன்று பீற்றருடையது.

பிலோமினா தைப்பதை நிறுத்தினாள். பிரித்தானியப் பிரசாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பம் நாலு மாதமாகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. இவர் நல்லவர் என்று அதில் கையெழுத்து வைத்தவரே பீற்றர்தான். குற்றம் என்ற சொல் அந்தக் கந்தோரின் காதில் விழுந்தால் எல்லாம் போச்சு.

"இஞ்சாருங்கோ, கடுதாசி வருமட்டும் வாயைத் திறக்காதேங்கோ. உங்கடை துவக்கை மட்டும் சரிக்கட்டுங்கோ. ஆருக்குத் தெரியப் போகுது?"

"நாளைக்கு அவங்கள் அதைக் காரிலை போட்டுக்கொண்டு வருவாங்கள். பொலிஸ் மறிச்சா என்ரை துண்டைத்தானே எடுத்து நீட்டுவாங்கள்?"

அவள் அழுதாள். ஏசினாள். பிடிவாதம் பிடித்த கழுதை என்றுகூடச் சொன்னாள். அவர் எழுந்துபோய் ரெலிபோனை எடுத்தார். முதலில் பீற்றர்.

"உன் துப்பாக்கி பன்னிரண்டைத் தாண்டுகிறது. பிழை என்னுடையது, நான் தடியை அளந்த நாடா இழுபட்டது. ஸ்பிரிங்கைக் கழற்றி வை."

மறுமுனையில் உடனே போன் வைக்கப்பட்டது. மூன்றாவது துப்பாக்கிக்காரருக்கும் எடுத்துச் சொல்லிவிட்டு வந்து, தன் துப்பாக்கியைக் கழற்றத் தொடங்கினார்.

ஞாயிறன்று அவரைத் தனியே விடப் பயந்து பிலோமினாவும் போனாள். கிளப் சுவரில் ஒரு பலகை உண்டு. சுட்டுக் கெடுத்த சாமான்களை, கெடுத்தவன் பெயரோடு அதில் அறைவது அங்கே வழக்கம். 1987இல் வளைந்த முதல் தடியும் அதில் தொங்கியது. பீற்றர் சிரிக்காமல் கையை நீட்டினார்.

"நாடா."

எல்லோருக்கும் காட்டவென்று கொண்டுவந்திருந்த நாடாவை யாக்கோப்பு கொடுத்தார். பீற்றர் அதைப் பலகையில் ஆணியால் அறைந்து, கீழே ஜேக்கப் என்று எழுதினார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிலோமினாவிடம் கொடுத்தார்.

"குரோய்டனிலிருந்து இவனைப் பற்றிக் கேட்டு மூன்று வாரமாகிறது. என்ன எழுதுவதென்று தெரியாமல் வைத்திருந்தேன். நேற்று போனை வைத்ததும் எழுதினேன்."

அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'தன்னுடைய ஒரு பிழையை இவர் தானாகவே முன்வந்து என்னிடம் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது.'

ஆருக்குத் தெரியப் போகுது என்று நேற்றுச் சொன்னவள் அவள்தானே. முகம் சுட்டது. வெளியே மப்பு வானத்தின் கீழ் அவளுடைய மனுசன் புதிய பெட்டியை விரித்து வைத்திருந்தார். அவர் முன்னால் எல்லோரும் துப்பாக்கியோடு வரிசையில் நின்றார்கள். ஸ்பிரிங் மாற்றிய துப்பாக்கியோடு பீற்றரும் போய் வரிசையில் நின்றார். இப்படி ஓர் ஆளுக்கா கழுதை என்று ஏசினேன் என்று நினைக்க அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கிட்டப் போனாள்.

"இஞ்சாருங்கோ."

"என்ன, பிலோ?"

"எனக்கும் ஒரு புது நாடா வாங்கித் தாங்கோ."