இரும்புக்கு ஒரு தோல்வி தேவை

1

டாங்!

என் எழுதும் மேஜைக்கு நேர் கீழே ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம் இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கிறார்கள். வீடு மாறச் சோம்பல்பட்டு, கதையாக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். இந்தக் கதை பிறந்த கதை இவ்வளவுதான். பேட்டி எடுத்தால் வேறு மாதிரி சொல்வேன்.

முதல் ஆரம்பம்: ‘அவன் கண்களில் நெருப்பு எரிந்தது. வெற்றி ஒன்றே அவன்—’

கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் கண்களில் தூக்கம்தான் இருந்தது.

2

போஸ்டரில் அவன் பெயர் ‘இரும்பு’. வயது முப்பத்து நான்கு. இந்தத் தொழிலில் பதினாறு வருடம். நான் போனபோது பெஞ்சில் உட்கார்ந்து விரல்களுக்குத் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தான்.

“இந்தத் தொழில்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?”

யோசித்தான். நேர்மையான ஆள்.

“ரெண்டு ரவுண்டுக்கு நடுவுல ஒரு ஸ்டூல் போடுவாங்க சார். அது.”

“பிடிக்காதது?”

“அதை எடுத்துடுவாங்க.”

(சின்ன வயதில் அவமானம், பழிவாங்கும் வெறி என்று ஏதாவது எதிர்பார்ப்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. இவனுக்குப் பதினெட்டு வயதானபோது அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அக்கா புருஷன் குத்துச்சண்டைப் பயிற்சியாளர். அவர் தச்சராக இருந்திருந்தால் இவன் இன்று நாற்காலி செய்துகொண்டிருப்பான்.)

3

கதைக்குச் சிக்கல் வேண்டுமே என்று நான் கவலைப்பட்டபோது அவனே எடுத்துக் கொடுத்தான். கண்ணாடி வெட்டும் கடை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். திங்கள் தவறினால் வேறு ஆள்.

“அங்க எல்லாத்தையும் மெதுவாத் தொடணும் சார்” என்று சிரித்தான். முன்பல் ஒன்றைக் காணோம்.

“அப்ப அத்தான்கிட்ட சொல்லிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?”

“அவர்கிட்ட முடியாதுன்னு நான் சொன்னதே இல்ல.”

“இத்தனை பேரை அடிச்சிருக்கீங்க...”

“அவங்கள்லாம் அக்கா புருஷன் இல்லையே சார்.”

அதற்குள் அத்தானே தோளில் துண்டோடு வந்துவிட்டார்.

“என்ன மாப்பிள்ளை, எழுத்தாளர்கிட்ட வாயைக் கொடுத்துட்டியா? எழுதிக்குங்க சார். சனிக்கிழமை புயலோட மோதுறான். அவன் சாம்பியன். தோத்தா இவனை விட்டுடறேன், வயசாச்சு. ஜெயிச்சா இன்னும் ரெண்டு வருஷம். இவன் அக்காகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.”

அவர் போனதும் இரும்பு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை அரைப் பக்கம் வர்ணிப்பதாக இருந்தேன். “சனிக்கிழமை தோத்துடறேன் சார்” என்று அவனே சொல்லிவிட்டதால் அரைப் பக்கம் மிச்சம்.

4

‘காற்றைக் கிழித்துக்கொண்டு புயலின் வலக்கை—’

வேண்டாம். அப்படியெல்லாம் நடக்கவில்லை. மூன்றாவது ரவுண்டில் சுமாரான ஒரு குத்து இரும்பின் தாடையில் பட்டது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று விழுந்து, ஒருக்களித்து வசதியாகப் படுத்துக்கொண்டான். நடுவர் எண்ணத் தொடங்கினார். பத்து வரை படுத்திருந்தால் போதும், கண்ணாடிக் கடை.

ஆறு. ஏழு. எட்டு.

எழுந்து நின்றுவிட்டான்.

(ஒரு தகவலை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன். தப்பு என்னுடையது. தினமும் பயிற்சி முடிந்ததும் அத்தான் இவனைத் தரையில் படுக்கவைத்து எண்ணுவார். “எட்டு வரைக்கும் ஓசியில கிடைக்கிற ஓய்வு மாப்பிள்ளை, விடாதே. எட்டுன்னா எழுந்துடணும்.” பதினாறு வருடம் இப்படி. மனசு கடைக்குப் போய்விட்டது. முழங்காலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.)

முழங்கால் போதாதென்று இடக்கையும் பழக்கதோஷத்தில் தன் வேலையைச் செய்தது. புயலின் மூக்கில் ரத்தம். “அப்படிப் போடு மாப்பிள்ளை!” என்று மூலையிலிருந்து அத்தான் கத்தினார். இரும்பின் முகத்தில் நான் பார்த்தது திகில்.

5

முடிவுக்கு வருவோம்.

ஒன்று: இரும்பு ஜெயித்து அழுகிறான். எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்று கைதட்டுகிறார்கள். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும்.

இரண்டு: அத்தானிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி, “முடி—”

(நான்கு முறை எழுதிப் பார்த்தேன். நான்கு முறையும் “சரி அத்தான்” என்கிறான்.)

மூன்றாவதை நீங்கள் எழுதுங்கள். நான் அங்கே கேட்டதை மட்டும் தெரிவித்துவிடுகிறேன். அந்தக் குத்துக்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். களைத்த வீரர்கள் செய்வதுதான். நடுவர் வந்து பிரிக்கும்வரை யாரும் யாரையும் அடிக்க முடியாது. எனக்கு எப்படிக் காதில் விழுந்தது என்று கேட்காதீர்கள், கதாசிரியனுக்கு இந்த ஒரு சலுகைதான். புயல் தன் ரத்த மூக்கை இரும்பின் தோளில் சாய்த்து, காதோரம் குழறினான்:

“எட்டுன்னதும் தானா எழுந்துட்டீங்களாண்ணே? போன வருஷம் நானும் அப்படித்தான் சாம்பியன் ஆனேன்.”