ஏழாம் பிரஸ்ஸின் மொழி வரி

போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில், கார்களுக்குத் தகட்டு உதிரிபாகங்கள் அடிக்கும் கம்பெனி ஒன்றில், நவீன்குமாருக்கு ஒரு மாதமாக ஒரே வேலை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் உரிய வேலைக்குறிப்பு கணினியில் வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தது. தலைப்புக்கு முன் ஒரு # குறி, முக்கியமான சொல்லின் இருபுறமும் நட்சத்திரக்குறி. வேறு அலங்காரம் இல்லை. அதன் உச்சியில் ஐந்து வரிகள் சேர்க்க வேண்டும்: தலைப்பு, இயந்திரம், மொழி, எழுதியவர், திருத்திய நாள். ஹெடர் என்பார்கள். இயந்திரத்தருகே மாட்டியிருக்கும் புதிய திரை, கீழே உள்ள குறிப்பைப் பற்றிக் கவலைப்படாது. இந்த ஐந்து வரிகளைப் பார்த்துத்தான் யாருக்கு எதைக் காட்டுவதென்று முடிவு செய்யும்.

நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். கம்பெனி பஸ்ஸில் காலையில் ஏறும்போதே அவனுக்குக் கண் எரியும்.

புதன்கிழமை ருக்மணி வந்தாள். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் ஏழாம் பிரஸ்ஸில் பதினோரு வருடமாக வேலை செய்பவள். இரண்டு வாரத்துக்கு முன் வலது ஆள்காட்டி விரலில் பாதி போயிற்று. பிரஸ்ஸில் மாட்டியிருந்த புது அச்சில், அதாவது டையில், தகடு ஒட்டிக்கொள்ளும், இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அவள் பழைய டையில் எடுத்ததுபோலக் கையால் எடுத்தாள். வியாழக்கிழமை விசாரணை. கவனக்குறைவு என்று முடிவானால் வேலை இல்லை. மேலாளர் ஹரீஷ்குமாரைப் பார்க்க வந்தவளை, அவர் வரும்வரை நவீனின் மேஜையருகே உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, அவன் திரையில் வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க பிரஸ்ல இந்த மாதிரி ஒண்ணும் வரல தம்பி. வெள்ளையா இருந்துச்சு."

"வெள்ளையான்னா?"

"ஒண்ணுமே இல்ல. கீழ படிச்சேன்னு பட்டன் மட்டும். அத அழுத்துனாத்தான் மிஷின் ஓடும். லைன் லீடருகிட்ட சொன்னேன். அழுத்திட்டு ஓட்டுக்கா, எல்லாரும் அப்படித்தானேன்னாரு."

எல்லாரும் அப்படித்தான். அது அவனுக்கும் தெரியும். அவளுக்கு எந்த மொழி வைத்திருந்தார்கள் என்று கேட்டான்.

"கன்னடம். நான் படிச்சது கர்நாடகா பக்கம், அத்திப்பள்ளில. வூட்ல தெலுங்கு, உங்ககிட்ட தமிழு, எழுத்துன்னா கன்னடந்தான்." கொஞ்சம் சிரித்தாள். "மூணு பாஷ வச்சிருந்தும் ஒரு விரலக் காப்பாத்த முடியல பாரு."

ஹரீஷ்குமார் வந்து அவளை உள்ளே அழைத்துப் போனார். நவீன் ஏழாம் பிரஸ்ஸின் கன்னடக் கோப்பைத் திறந்தான். இடுக்கி பற்றிய படி அதில் இருந்தது, நட்சத்திரக்குறியோடு. உச்சியில், மூன்றாவது வரியில், மொழி: தமிழ்.

அவன்தான் போட்டது. முதல் வாரத்தில், நேரம் மிச்சமாகட்டும் என்று, தமிழ்க் கோப்பின் ஐந்து வரிகளையும் அப்படியே நகலெடுத்துக் கன்னடக் கோப்பிலும் ஒட்டியிருந்தான். தலைப்பை மாற்றினான். மொழியை மாற்ற மறந்தான். உற்பத்திக் கூடத்தில் எல்லாரும் அவனிடம் தமிழிலேயே பேசுவதால், அந்த வரி கண்ணை உறுத்தவும் இல்லை. திரை கன்னடக் கோப்பைத் தேடியது, ஒன்றும் கிடைக்காமல் வெறுமையாக நின்றது.

அவன் சுட்டியில் கை வைத்தபடி அசையாமல் இருந்தான். டீ வண்டி வந்து போயிற்று.

அவள் போன பின் ஹரீஷ்குமாரிடம் சொன்னான். அவர் கோபப்படவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கஸ்டமர் ஆடிட், கார் கம்பெனிக்காரர்களின் சோதனை, அடுத்த வாரம் என்றார். அவனுடைய ஒப்பந்தம் மாதக்கடைசியில் முடிவதையும் நினைவூட்டினார். அதில் மிரட்டல் இல்லை, அசதிதான் இருந்தது.

"பட்டன் அழுத்தினது ரெக்கார்டுல இருக்குது நவீன். நீ மொழிய மட்டும் மாத்து. தேதியத் தொடாத."

தேதியைத் தொடாவிட்டால், விபத்து நடந்த அன்று கன்னடக் குறிப்பு திரையில் இருந்தது என்று ஆகும். அவள் படித்துவிட்டும் கையை விட்டாள் என்று ஆகும்.

இருக்கைக்குத் திரும்பினான். மொழி: கன்னடம் என்று மாற்றினான். திருத்திய நாளில் அன்றைய தேதியைப் போட்டான். பிறகு, யாரும் கேட்காத ஆறாவது வரியைச் சேர்த்தான். குறிப்பு: இன்றுவரை இக்கோப்பு தமிழ் என்று தவறாகக் குறிக்கப்பட்டதால் திரையில் தோன்றவில்லை. குறித்தவர்: நவீன்குமார். சேமித்து, அச்செடுத்து, விசாரணைக் கோப்பில் செருகினான்.

மறுநாள் விசாரணையில் அவனை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். இதை எழுதச் சொன்னது யார் என்று. யாரும் சொல்லவில்லை என்றான். ஹரீஷ்குமார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கவனக்குறைவு இல்லை என்று எழுதி, அடித்த பாகங்களைச் சரிபார்க்கும் சோதனை மேஜைக்கு ருக்மணியை மாற்றினார்கள். வெளியே வந்தவள் அவனருகே நின்றாள். "அந்தத் தப்பு வரி நீ போட்டதுதானா" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையசைத்தான். அவள் பஸ் நிற்குமிடத்துக்கு நடந்தாள்.

மாதக்கடைசிக்கு இன்னும் ஐந்து வேலைநாள் இருந்தது. அதே நகல் வரிகளுடன் இன்னும் முப்பத்தெட்டுக் கன்னடக் கோப்புகள் இருந்தன. எட்டாம் பிரஸ்ஸின் கோப்பைத் திறந்து, மூன்றாவது வரியை மாற்றி, ஆறாவது வரியில் தன் பெயரை எழுதினான்.