ஊமைப் பலகை

இரண்டு விரலுக்கிடையே வயலினின் மேல்பலகை தொங்குகிறது, அருளப்பன் அதைக் காதோரம் பிடித்து விரல் கணுவால் தட்டுகிறார், இன்னும் ஊமையாத்தான் இருக்கு பிலோமி என்கிறார், மரம் சுரண்டும் தகட்டை எடுக்கிறார், கதவருகே நிற்கும் மனைவி பிலோமினாவுக்கோ அது வெண்கலக் கிண்ணம்போலக் கணீரென்று கேட்கிறது, போதுங்க என்று சொல்ல வாய் வரவில்லை, கல்யாணமான புதிதில் இதே பாலக்கரைப் பட்டறையில் ஒரு தேவதாருப் பலகையை அவள் காதருகே பிடித்துத் தட்டி, என்ன கேக்குது என்றார், எதிர்வீட்டுக் குக்கர் விசில் கேக்குது என்றாள், அடிப்பாவி என்று அவர் சிரித்த சிரிப்பில் பலகையே நழுவப் பார்த்தது, தடியாக இருந்தால் மரம் முனகும், சுரண்டச் சுரண்ட வாய் திறக்கும், ஒரு இழை கூடுதலாகச் சுரண்டினாலும் பலகை மெலிந்து போச்சு, எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்று அன்று சொன்னவரும் இவர்தான். அவளுக்கு அந்தத் தட்டல் பிடிபட நாளானது, அதுவரை பழைய ரேடியோ ஸ்பீக்கருக்கு மேலே பலகையை வைத்து, ஒரே சுருதியை ஓடவிட்டு, டீத்தூளைத் தூவிப் பார்ப்பாள், மரம் அதிர்கிற இடத்திலிருந்து தூள் துள்ளி ஓடும், அசையாத இடத்தில் கோடாகச் சேரும், ஓரத்தை ஒட்டி வளையம் முழுசாக மூடினால் பலகை பக்குவம், டீத்தூளுக்குக் காது முளைச்சிருக்கா என்று அவர் கேலி பண்ணுவார், எப்பேர்ப்பட்ட காது அவருக்கு, அந்தக் கர்வம் அவருக்கு அழகாகத்தான் இருந்தது.

போன சித்திரையில் செய்த வயலின், தந்தியை முறுக்கியதுமே மேல்பலகை உள்வாங்கிவிட்டது, மரம் சரியில்ல என்று திட்டித் தீர்த்தார், அவளும் ஆமாம் போட்டாள், பிறகொரு நாள் குக்கர் வீல் வீலென்று அலறுகிறது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் தலை நிமிரவில்லை, சோறு ஆச்சா என்று கேட்கிறார், அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, கீச்சுச் சத்தமெல்லாம் மனுஷனை விட்டுப் போயிருக்கிறது, இனி எந்தப் பலகையும் அவருக்கு ஊமைதான், வாய் திறக்கட்டும் என்று சுரண்டிக்கொண்டே இருப்பார், இதுவும் உள்வாங்கினால் பட்டறையைப் பூட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

இதோ தகடு மரத்தில் படப்போகிறது, நில்லுங்க, மரத்துல குறையில்லங்க, உங்க காதுலதான் என்று கத்தியேவிட்டாள், ஐயோ, இப்படியா போட்டு உடைப்பது, அவர் அவளையே பார்க்கிறார், கோபமா பயமா தெரியவில்லை, எழுந்து அடுக்களைக்குப் போகிறார், டீத்தூள் டப்பாவோடு வருகிறார், பலகையை ஸ்பீக்கர் மேல் வைத்து அவரே தூவுகிறார், தூள் துள்ளுகிறது, ஓடுகிறது, வளையம் மூடிக்கொள்கிறது, ரொம்ப நேரம் அதையே பார்க்கிறார்.

தூளைத் தட்டிவிட்டு, பலகையை இரண்டு விரலுக்கிடையே தூக்கி, இந்தத் தடவை அவள் காதோரம் பிடிக்கிறார், கணுவால் தட்டுகிறார், என்ன கேக்குது பிலோமி என்கிறார், நல்லா பேசுதுங்க என்றாள், எனக்காகச் சொல்லாத என்றார், உங்களுக்காகச் சொல்லல, நெசமாத்தான் என்றாள், அப்ப போதுமா என்றார், போதுங்க என்றாள். அவர் தகட்டைக் கீழே வைத்தார். இன்னொரு தரம் தட்டினார், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு.