முதுகில் ஏழு பச்சை

ஊசியைத் தலைமுடியில் இரண்டு தரம் உரசிக்கொண்டாள் இருசம்மாள். மடியில், ஒல்லாந்தருக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்க்கும் துபாஷி உலகநாதனின் சிவப்புச் சகலாத்துக் கம்பளி அங்கி. நாளைக் காலை ஒல்லாந்தர் கோட்டையில் அவனுக்கு மரியாதை செய்யப்போகிறார்களாம். முன்பக்கம் கொடியும் பூவுமாகப் பாசிமணி தைத்து முடித்தாயிற்று. முதுகு மட்டும் பாக்கி.

குப்பத்துப் பெண்களுக்கெல்லாம் பச்சை குத்துகிறவள் அவள்தான். புள்ளி வைத்த கைக்கு மணி தைக்க வராதா என்றுதான் இந்த வேலையை அவளிடம் தந்தான். புத்திசாலி. மூன்று வருஷத்துக்கு முன் குப்பமே கஞ்சிக்குப் பறந்தபோது, அக்கரையில் வேலை, மழை பெய்ததும் வந்துவிடுவார்கள் என்று சொல்லி ஏழு பெண்களைக் கப்பலேற்றியதும் இதே புத்திசாலிதான். அதில் ஒருத்தி அவள் தங்கை கோவிந்தம்மா. மழை மூன்று தரம் பெய்துவிட்டது. ஏழு பேரையும் அவன் விற்றுவிட்டதாக, கப்பலில் போய்த் திரும்பிய தேசப்பன் குப்பத்தில் வந்து சொன்னான். இருசம்மாள் ஓடிப்போய் துபாஷியின் வாசலில் நின்றாள்.

"எத்தினியோ பேரு போனாங்க. உன் தங்கச்சிக்கு இன்னா அடையாளம்?" என்று சிரித்தான் அவன்.

கேட்டவன் மறந்துவிட்டான். அவளுக்கு அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அடையாளம்தானே, தருகிறேன் என்று பச்சை மணிகளாகப் பொறுக்கினாள். ரங்கம்மாள் மகளின் கையில் அவள் குத்திவிட்டிருந்த நண்டு. ஜெயம்மா மருமகளின் இரட்டை மீன். ஒவ்வொன்றாக ஆறும் ஏறின. கடைசியாக நடு முதுகில் கோவிந்தம்மாவின் தேள். அன்று பச்சை குத்தும்போது தங்கை வலி பொறுக்காமல் கையை இழுத்துவிட்டாள். கொடுக்குக்கு வெளியே ஒரு புள்ளி தப்பி விழுந்தது. 'போக்கா, கெடுத்துட்டே' என்று இரண்டு நாள் பேசவில்லை. அந்தத் தப்புப் புள்ளியையும் விடாமல் தைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது அவன் குரல்வளையையே கடித்த மாதிரி இனித்தது.

காலையில் உலகநாதன் வந்து மாட்டிப் பார்த்தான்.

"முதுகுல இன்னா போட்டுக்கீறே?"

"நம்ம ஊரு கோலம், ஐயா."

கழற்றி ஒரு நோட்டம் விட்டு, திரும்ப மாட்டிக்கொண்டான். ஏழு பேரின் பல்லையும் தோளையும் பார்த்துப் பொறுக்கியவன், கையைப் பார்த்திருக்கவில்லை.

"பல்லக்கு வேணாம் ஐயா, நடந்து போங்க. ஜனங்க பாக்க வேணாமா?"

அதுவும் சரிதான் என்று நடந்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள். இருசம்மாள் பத்தடி பின்னால் போனாள்.

கோட்டைக்கு வழி மீன் சந்தைக்குள்தான். அவன் தாண்டிப்போனதும் ரங்கம்மாளின் கத்தி பாதி வஞ்சிரத்தில் நின்றது. அவன் முதுகில் இருந்த நண்டைப் பார்த்தாள். பிறகு இருசம்மாளைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, எம் பொண்ணு கை" என்றாள், மெல்ல.

எழுந்தாள். அடுத்து ஜெயம்மா எழுந்தாள். கூடைகளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொருத்தியாக எழுந்து நடந்தார்கள். கையிலிருந்த கத்தியை யாரும் கீழே வைக்கவில்லை.

சலசலப்புக் கேட்டு உலகநாதன் திரும்பினான். தனக்கு மரியாதையாக எழுந்து வருகிறார்கள் என்று நினைத்துப் பெரிய மனதோடு தலையசைத்தான். அவர்களும் கூட வரட்டும் என்று நடையைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி கோட்டையைப் பார்த்து நடந்தான். வெயிலில், நடு முதுகில், தேளின் கொடுக்குக்கு வெளியே அந்த ஒற்றை மணி மின்னிக்கொண்டு போனது.