அப்பா தூக்கும் மூடி

நவம்பர் 9, செவ்வாய்

கட்டட வரைபட மாலை வகுப்பில் இன்று ஒரு தவறு செய்தேன். அவரவர் தெருவை வரையச் சொன்னார் ஆசிரியர். மழைநீர்க் கால்வாயையும் கழிவுநீர்க் குழாயையும் ஒரே கோடாகப் போட்டுவிட்டேன். இரண்டும் வேறு வேறு என்றார். வீட்டுக் கழிவு போகும் அளவுக்குத்தான் அந்தக் குழாய். தெருவின் மழையையும் அதில் விட்டால், பள்ளத்து வீட்டுக் கழிப்பறை வழியாகத் திரும்ப மேலே வரும் என்று சொல்லிக்கொண்டே என் கோட்டை அழித்தார். காலையில் எங்கள் வாசலில் நடந்தது அப்போது நினைவுக்கு வந்தது.

தங்கையின் சீருடையைத் தைத்துக் கொண்டு வந்திருந்தார் தெருக்கோடிப் பள்ளத்தில் இருக்கும் தையல்கார அக்கா. அம்மா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு மேலாகவே வாங்கி, முகர்ந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"மூணு தரம் அலசித்தாம்மா கொண்டு வந்தேன்."

"துணிய அலசுனா போதுமா? வீட்ட அலச வேண்டாமா?"

மழை வந்தால் சாக்கடை வீட்டுக்குள் ஏறிவிடுகிறது, மெஷினைக் கட்டில்மேல் தூக்கி வைத்துத்தான் தைக்கிறேன் என்று அக்கா சொல்லத் தொடங்கினார். அம்மா அதற்குள் உள்ளே வந்துவிட்டார். மேட்டு வீடுகளில் அக்காவுக்குத் துணி கொடுக்க எங்கள் வீடுதான் மிச்சம் இருந்தது. மற்றவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். 'நாத்தக்கா' என்று பிள்ளைகள் கூப்பிடுவதை யாரும் கண்டித்ததில்லை. நானும்தான்.

ஆனால் அப்பாவுக்குத் தெருவில் நல்ல பெயர். கண்ணாடிக்கடை வைத்திருக்கும் அவரை எல்லோரும் 'இன்ஜினியர்' என்பார்கள். தெருவில் மழைத்தண்ணீர் தேங்கினால் கடப்பாரையோடு இறங்கி, நடுத்தெருவில் இருக்கும் கழிவுநீர்க் குழாய்க் குழியின் மூடியை நெம்பித் திறப்பார். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கும். மாடிகளிலிருந்து கை தட்டுவார்கள். பக்கத்தில் குடை பிடித்து நிற்பவள் நான்.

நவம்பர் 10, புதன்

மதியமே கனத்த மழை. அப்பாவும் நானும் கடையைச் சாத்திவிட்டு வந்தோம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அப்பா கடப்பாரையை எடுத்தார். நான் குடையை எடுக்காமல் முன்னால் போய் அந்த மூடியின் மேல் நின்றேன். வகுப்பில் கேட்டதை வரிசையாகச் சொல்ல நினைத்திருந்தேன். முதல் வரியே மறந்துவிட்டது.

"தள்ளு பாப்பா, நனையுற பாரு."

"இதுல எறக்கினா தையல்கார அக்கா வீட்ல ஏறும்ப்பா."

அப்பா மாடிகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"தெரியும். தெரியாமலா இத்தன வருஷம் தெறக்குறேன்? தண்ணி எங்கயாவது போய்த்தானே ஆகணும்."

தெரியாதவருக்கு விளக்கத்தான் நான் தயாராகி வந்திருந்தேன். அவருக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. நகராமல் மட்டும் நின்றேன்.

"என்ன இன்ஜினியரே, பொண்ணு ஸ்டிரைக்கா?" என்று ஒரு மாடி கேட்டது. மற்ற மாடிகள் சிரித்தன. அப்பா கடப்பாரையோடு வீட்டுக்குள் போனார். தண்ணீர் எங்கள் படியைத் தாண்டி முன்னறைக்கும் வந்தது. அம்மா பாயைச் சுருட்டினார். தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டாள். வெறும் மழைத்தண்ணீர்தான் அது.

மழை விட்டதும் மழைநீர்க் கால்வாய்க்குள் தண்ணீர் இறங்கும் வாயைத் தேடினேன். எங்கள் வாசலிலேயே இருந்தது, ஸ்கூட்டர் ஏறுவதற்காக அப்பா போட்ட சிமெண்டுச் சரிவுக்கு அடியில் அடைபட்டு. அடுத்தடுத்த வீடுகளிலும் அப்படியே. அந்தச் சரிவில் தினமும் ஸ்கூட்டர் ஏற்றுகிறவள் நான். ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

அக்கா வீட்டுக்குப் போய் மூடி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். தெரியாமல் நடந்துவிட்டது என்றா சொல்வது? பாதித் தெருவில் திரும்பிவிட்டேன். இன்று நின்றது சரிதானா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

நாளை: கொத்தனாரிடம் உளியும் சுத்தியலும் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் வாசல் சரிவை உடைக்க வேண்டும். அப்பா எழுந்து வெளியே வந்த பிறகு, அவர் பார்க்கத்தான் தொடங்க வேண்டும்.